கறுப்புக்கு அடியில் மஞ்சள்

மதுரையில் இருசக்கர வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மரியாதைக்காக என்று நான் நினைத்துக்கொள்கிறேன், மறந்தும் போயிருக்கலாம். போன வாரம் பவுடர் கோட்டிங் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் அதில் ஒரு பழைய வண்டியின் படத்தைப் போட்டார். சேஸிஸ் பழசு. பின்சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்விங் ஆர்ம் மட்டும் புதுசாக அடித்தது. இரண்டும் ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றன. வண்டிக்காரர் குறை சொல்கிறாராம். "கறுப்புல என்னண்ணே மேட்சிங்? கறுப்புன்னா கறுப்புதான?" என்று கேட்டு, சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வாழ்நாளில் அடித்ததில் பெரும்பகுதி கறுப்புதான். பெட்ரோல் டேங்குக்குச் சிவப்பும் நீலமும் அடிக்கிறவனை ஊர் பாராட்டும். சேஸிஸ், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு, செயின் பாக்ஸ் என்று கறுப்பு பாகங்களை அடிக்கிறவன் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள், அது கெட்டுப்போகும்வரை. பதில் எழுத உட்கார்ந்தேன். போனில் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஒரு கேள்வியை மட்டும் திருப்பிக் கேட்டேன்: "டெலிவரி கொடுக்கும்போது சாவியில மஞ்சள் வச்சுக் கொடுக்குறீங்களே, அது எதுக்குத் தம்பி?"

"சாமிக்குண்ணே" என்றார் ஒருவர். "ராசிக்கு" என்றார் இன்னொருவர். "எங்க மொதலாளி வச்சாரு, நானும் வைக்கிறேன்" என்றார் மூன்றாமவர். அவர் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். கறுப்பில் என்ன மேட்சிங், சாவியில் எதற்கு மஞ்சள், இந்த இரண்டுக்கும் பதில் ஒரே வண்டிதான். அதை இங்கே தாளில் எழுதி வைக்கிறேன்.

நான் டி. கல்லுப்பட்டிக்காரன், பெயர் தவசி. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. மதுரைக்குப் பஸ் ஏறி வந்து முனிச்சாலையில் சேஷாராம் முதலாளியின் பெயின்ட் கடையில் சேர்ந்தேன். பழைய பெயின்டைச் சுரண்டினேன், உப்புத்தாள் தேய்த்தேன், பட்டி வைத்தேன், மறுபடி தேய்த்தேன். ஸ்பிரே கன் என் கைக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதலாளியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அவர் சாயப்பட்டறை வீட்டுப் பிள்ளை. தலைமுறை தலைமுறையாக நூலுக்குச் சாயம் போட்ட குடும்பம். பட்டறையை மூடியதும் இவர் வண்டிப் பெயின்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் சௌராஷ்டிர பாஷை, கடையில் எங்களோடு மதுரைத் தமிழ். ஆனால் யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். நேற்று சேர்ந்து சுரண்டுகிறவருக்கும் வாங்க போங்கதான். சாயம் போட்ட நூலை வாசலுக்குக் கொண்டுவந்து முறுக்கிப் பார்க்கிற பழக்கம் அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை. பெயின்டையும் அப்படித்தான் பார்ப்பார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"எல்லாக் கறுப்புக்குள்ளயும் இன்னொரு கலர் உக்காந்திருக்குங்க தவசி. ஒண்ணுல நீலம், ஒண்ணுல செவப்பு, ஒண்ணுல பச்சை. அது எதுன்னு தெரியாம டப்பாவைத் திறக்காதீங்க" என்பார்.

திட்டவும் மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் உள்ளே போய் ஒரு மர நாற்காலியைத் தூக்கி வருவார். வண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, காபி வரவழைத்து, ஒரு வார்த்தை பேசாமல் குடிப்பார். குறை எங்கே என்று நாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். வேலை நன்றாக இருந்தால் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். பாராட்டு என்று எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த நாற்காலி வராததுதான். வாசலில் நிற்கும் வண்டிக்காரர்கள், அடடா எவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து பார்க்கிறார் என்று பூரித்துப்போவார்கள். நாங்கள் கைவேலையைப் போட்டுவிட்டுக் குறையைத் தேட ஆரம்பிப்போம்.

அந்தக் கடைக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது, 'மஞ்சள் வச்சுக் கறுப்பு அடிக்கிற கடை' என்று. குடும்பம் ஏறிப் போகிற வண்டியின் மேல் முதன்முதலாகக் கறுப்பு படக்கூடாது என்பது முதலாளியின் எண்ணம். பழைய பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பாக்கி, தின்னர் போட்டுத் துடைத்து வைத்ததும் அவர் வருவார். ஹேண்டில் வந்து சேஸிஸில் சேர்கிற இடத்தை நாங்கள் கழுத்து என்போம். அந்தக் கழுத்தில் கட்டைவிரலால் மஞ்சளைக் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார். அதற்கு மேல் பிரைமர், அதற்கும் மேல் கறுப்பு. மஞ்சளை அவர் வீட்டம்மா நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். இதைக் கேள்விப்பட்டே பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களை எங்கள் கடைக்குத் துரத்திவிட்டார்கள். மற்ற கடைகளில் எங்களைவிடச் சீக்கிரம் வேலை முடிப்பார்கள். ஆனால் மஞ்சள் எங்களிடம்தான் இருந்தது.

இப்போது ஒச்சப்பன் வருகிறார். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். அவரும் அவர் மனைவி ராக்கம்மாவும் பூவைப் பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, வண்டியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார்கள். முன்னால் டேங்க் மேல் சாக்கு, பின்னால் ராக்கம்மா. வண்டி ஒரு பழைய டூ ஸ்ட்ரோக். செக்கானூரணி தாண்டி ஒரு வேன் குறுக்கே திரும்பியதில் மோதிவிட்டது. ஒச்சப்பனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ராக்கம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டிக்குக் கழுத்தில் விரிசல், ஸ்விங் ஆர்மும் கோணிவிட்டது.

எலும்பு கூடிவிட்டது. பக்கத்துப் பட்டறையில் வண்டியின் கழுத்தையும் நிமிர்த்தி வெல்டு வைத்துவிட்டார்கள். பழைய சாமான் கடையில் ஒரு ஸ்விங் ஆர்ம் கிடைத்து அதையும் மாட்டியாயிற்று. ராக்கம்மாதான் வண்டியில் ஏற மறுத்துவிட்டார்.

"கழுத்து முறிஞ்ச வண்டிங்கிறாண்ணே" என்றார் ஒச்சப்பன். "ரெண்டு பஸ் மாறி, மூட்டையத் தூக்கிக்கிட்டு அவ தனியா வாரா. நான் வெறும் வண்டியில பின்னாடியே வாரேன். ஊரே சிரிக்குது."

"வித்துட்டு வேற வண்டி பாக்க வேண்டியதுதானண்ணே?"

"தோட்டத்துல மொதப் பூப்புல வாங்குனது. விக்கவும் விடமாட்டேங்குறா, ஏறவும் மாட்டேங்குறா. நீங்க ஒண்ணு செய்யணும். புதுசா பளபளன்னு அடிச்சுராதீங்க. ஒட்டுப்போட்ட எடம் தெரியக்கூடாது. அது எங்க பழைய வண்டி மாதிரியே இருக்கணும். அந்தக் கழுத்தைப் பாக்கும்போது அவளுக்கு அடிபட்டதே நெனப்பு வரக்கூடாது."

முழு சேஸிஸையும் அடிப்பது சுலபம். எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும், சண்டை வராது. இந்த வண்டியிலோ கழுத்தையும் ஸ்விங் ஆர்மையும் மட்டும் அடித்து, பல வருஷம் வெயில் குடித்த மீதிச் சேஸிஸோடு சேர்க்க வேண்டும். அந்தத் தம்பிக்கான பதில் இங்கேதான் வருகிறது. கவனமாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய கறுப்பை இருக்கிறபடி பார்த்துக் கலர் கலக்கக் கூடாது. அதன் மேல் இருப்பது கிரீஸும் ரோட்டுப் புழுதியும் வெயிலில் பொரிந்த மேல்தோலும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மெருகேற்றுகிற காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் அதன் நிஜமான முகம் தெரியும். எங்கே தேய்ப்பது என்பதும் முக்கியம். டேங்கைக் கழற்றினால் அடியில் வெயிலே படாத கறுப்பு புத்தம் புதுசாக இருக்கும். அவசரக்காரர்கள் அதைப் பார்த்துக் கலந்துவிட்டு அவதிப்படுவார்கள். எந்த இடத்தை அடிக்கிறோமோ அதற்குப் பக்கத்தில் இருப்பதோடுதான் சேர வேண்டும்.

கம்பெனியில் அடித்தது அடுப்பில் சுட்ட கறுப்பு. வயசாக வயசாக அது டிகாக்‌ஷன் நிறத்துக்குச் சாயும். கடையில் வாங்குகிற டப்பாக் கறுப்பில் நீலம் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று துவைத்த வேட்டி மாதிரியும் ஒன்று நீலம் போட்ட வேட்டி மாதிரியும் தெரியும். நீலத்தைக் கொல்லக் காவியில் சில சொட்டு, மஞ்சளில் ஒரு துளி. பிறகு வெள்ளையில் குச்சி நுனியளவு. இல்லாவிட்டால் புதுக் கறுப்பு பள்ளமாகத் தெரியும். வெள்ளை கொஞ்சம் கூடினாலும் சிலேட்டு ஆகிவிடும். கலந்ததை ஒரு தகரத் துண்டில் அடித்துக் காய வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது எல்லாக் கறுப்பும் பொருந்துகிற மாதிரி ஏமாற்றும். காய்ந்த தகரத்தைச் சேஸிஸோடு ஒட்டிப் பிடித்து, வெயில் நேரே படாமல் வானம் திறந்த நிழலில் நின்று, சாய்வாகப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் பார்த்துவிட்டுப் பொருந்தியது என்கிறவனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

நிறம் சேர்ந்தால் மட்டும் போதாது, மினுமினுப்பும் சேர வேண்டும். ஓரத்தில் கோடு விழாதபடி பழைய பெயின்டுக்குள் புகை மாதிரி மங்கலாக அடித்து விட்டேன். காய்ந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்த நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, கையால் காம்பவுண்ட் போட்டு, பழையதன் பளபளப்பு எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தினேன். இன்னும் ரெண்டு தேய் தேய்த்தால் அழகாகும் என்று கை அரிக்கும். அந்த அரிப்பை அடக்கத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

முதலாளி வந்து பார்த்தார். நாற்காலி வரவில்லை. ராக்கம்மாவும் வந்தார். வண்டியைச் சுற்றினார். ஹேண்டிலைத் திருப்பிக் கழுத்தை விரலால் தடவினார். வெல்டு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஒச்சப்பனுக்குக் கிக்கரை உதைக்கக் கால் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். எனக்கும் மார்பு கொஞ்சம் விரிந்துதான் இருந்தது. மறைப்பானேன்?

சில வாரம் கழித்து ஒச்சப்பன் தனியாக வந்து நின்றார். "கழுத்துல கொப்புளம் வந்துருச்சுண்ணே. செல்லம்பட்டியில வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டா. வண்டிக்கு இன்னும் ஆறலையாம்."

பார்த்தேன். முறிந்த அதே கழுத்தில், புளியங்கொட்டை அளவுக்குப் பெயின்ட் எழும்பி நின்றது. நகத்தால் குத்தினால் உள்ளே ஈரமும் துருவும். நாற்காலி வந்தது. காபி வந்தது. வெல்டில் பொடித் துவாரம் இருந்து அதில் தண்ணீர் தங்கியிருக்கும் என்று எனக்குப் பட்டது. சுரண்டி, வெல்டு வைத்தவரையே வரவழைத்துக் காட்டினேன். அவர் வெல்டு சுத்தமாக இருந்தது. அவர் முகம் சுளித்துவிட்டுப் போனார்.

முதலாளி கிண்ணத்தோடு வந்தார். "அடிபட்ட வண்டிங்க. போன தடவை மஞ்சள் கம்மியாப் போச்சோ என்னமோ" என்று இந்த முறை தாராளமாக இழுத்தார். மறுபடி பிரைமர், மறுபடி கறுப்பு. வண்டி போயிற்று. கொப்புளம் முன்னைவிடப் பெரிசாக, முன்னைவிடச் சீக்கிரம் வந்தது.

இந்த முறை ராக்கம்மாவே வந்துவிட்டார். பஸ்ஸில்தான். பூ மூட்டையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, தலையில் ஒட்டிய மல்லிகை இதழைக்கூடத் தட்டாமல் கடை வாசலில் நின்றார். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா தம்பி, இவரு பின்னாடி உக்காந்து போக? ஏறுனா அந்த எடத்துலதான் கண்ணு போகுது. அது திரும்பத் திரும்ப எனக்கு என்னமோ சொல்லுது. இன்னொரு தடவை வந்துச்சுன்னா வண்டிய எடைக்குப் போட்டுருவேன். அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "இம்புட்டுக்காணு மஞ்சள் வச்சா எப்படிங்க மொதலாளி பத்தும்? நல்லா அப்புங்க" என்றார்.

முதலாளி தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொப்புளம் இல்லை, வரிசையாக நாலைந்து. குறுக்கே ஓர் இழுப்பு. நடுவில் மட்டும் வட்டமாக ஒன்று. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிறகுதான் புரிந்தது. முதலாளியின் கட்டைவிரல் இழுப்பு அது. நடுவில் இருந்தது குங்குமம்.

பிறகு டேங்கைப் பார்த்தேன். ஈரச் சாக்கு உட்கார்ந்த தடம் டேங்க் மேல் அப்படியே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் இறங்கி இறங்கிக் கழுத்தில்தான் தேங்கும். எண்ணெய்ப் பசையும் மஞ்சளும் இருக்கிற இரும்பில் பிரைமர் சரியாகக் கடிக்காது. மற்ற வண்டிகளின் கழுத்தில் எப்போதாவது மழைதான் படும். வருஷக்கணக்கில் கழித்து அங்கே துரு வந்தாலும் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். தினமும் கழுத்தில் தண்ணீர் குடித்த வண்டி இது ஒன்றுதான். கொப்புளத்துக்குப் பயந்து மஞ்சளைக் கூட்டினோம். மஞ்சள் கூடக்கூடக் கொப்புளம் பெருத்தது.

என் வேலையில் குறை இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் இதை எப்படிச் சொல்வது? முதலாளியிடம் போய், உங்கள் வீட்டம்மா கையால் குழைத்து அனுப்புகிற மஞ்சள்தான் கெடுக்கிறது என்றா? கடையின் பேரே அதில்தான் இருக்கிறது. ராக்கம்மாவிடம் சொன்னாலோ, மஞ்சளே இந்த வண்டியை ஏற்கவில்லை பார்த்தாயா என்பார். அப்புறம் அந்த மனுஷியை யானை கட்டி இழுத்தாலும் வண்டிப் பக்கம் கொண்டுவர முடியாது.

"மதினி, வண்டி இங்கயே நிக்கட்டும். இந்தத் தடவை நான் அவசரப்பட மாட்டேன். கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"எம்புட்டு நாளைக்கு?"

"எனக்கே நம்பிக்கை வர்ற வரைக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு பழைய மட்கார்டை வெட்டி இரண்டு தகடு எடுத்தேன். இரண்டையும் ஒரே உப்புத்தாளில் தேய்த்து, ஒரே தின்னரில் துடைத்தேன். ஒன்றில் கிண்ணத்து மஞ்சளை முதலாளி இழுக்கிற மாதிரியே இழுத்துக் குங்குமம் வைத்தேன். இன்னொன்றை அப்படியே விட்டேன். இரண்டுக்கும் ஒரே பிரைமர், ஒரே கறுப்பு. காய்ந்ததும் கடைக்குப் பின்னால் குழாயடியில் தொங்கவிட்டு, ஈரச் சாக்கை இரண்டின் மேலும் போர்த்தினேன். காலையில் சாக்கை நனைப்பேன். மத்தியானம் எடுத்து வெயிலில் விடுவேன். மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி கை கழுவ வரும்போதெல்லாம் அந்தத் தகடுகளைப் பார்ப்பார். கேட்க மாட்டார். நானும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் சாக்கை விலக்கினால் ஒரு தகட்டில் கட்டைவிரல் இழுப்பும் நடுவில் வட்டமுமாகக் கொப்புளம் எழுந்து நிற்கிறது. இன்னொரு தகடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. இரண்டையும் துடைத்துக் கொண்டுவந்து, முதலாளி எதிரே சுவரில் சாய்த்து வைத்தேன். "ரெண்டும் ஒரே வேலை மொதலாளி. ஒண்ணுல மட்டும் மஞ்சள் இருக்கு" என்றேன்.

அவர் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கி வந்தார். தகடுகளுக்கு எதிரே உட்கார்ந்தார். காபி வந்தது. ஆடை கட்டிப்போயிற்று, அவர் தொடவில்லை. குனிந்து கொப்புளத்தை நகத்தால் உரித்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாயப்பட்டறையில எண்ணெய்க் கையோட நூலைத் தொட்டா எங்க அப்பா முதுகுத் தோலை உரிச்சிருவாருங்க தவசி. எண்ணெய் பட்ட எடத்துல சாயம் ஏறாது. அது தெரிஞ்சு வளந்தவன் நான். இரும்புன்னதும் எனக்குத் தோணாமப் போச்சு." பிறகு, "எத்தனை வண்டிங்க?" என்றார்.

"மத்ததுல அம்புட்டுத் தண்ணி படாது மொதலாளி. இவரு பூச்சாக்கு வைக்கிறாரு, அதான்."

"மஞ்சள் வைக்கலைன்னா அந்தம்மா ஏறாதுங்களே."

"அதுதான் எனக்கும் தெரியல."

அவர் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அவர் மேல் அத்தனை பிரியம் வந்தது அன்றுதான். மஞ்சளைப் பற்றிச் சொன்னதற்கு என் மேல் எரிந்து விழுந்திருக்கலாம். வேறு முதலாளியாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

மூன்றாம் முறை கழுத்தை வெறும் இரும்பாக்கித் துடைத்து, உடனே பிரைமர் அடித்தேன். கலர் கலந்த டப்பாவில் மிச்சம் இருந்தது. ஆனாலும் மறுபடி தகரத்தில் அடித்துக் காயவைத்துச் சரி பார்த்துத்தான் அடித்தேன். பழைய கறுப்புக்குள் புதுக் கறுப்பு காணாமல் போயிற்று. முதலாளி நின்றபடி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ராக்கம்மாவும் ஒச்சப்பனும் வந்தார்கள். ராக்கம்மாவின் முதல் கேள்வியே அதுதான்: "மஞ்சள் நல்லா அப்புனீங்களா?"

முதலாளி ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று நான் பயந்தேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் அவர் ஏறிவிடுவார். முதலாளி சொல்லவில்லை. "வைக்கலம்மா. வச்சதுனாலதான் கொப்புளம் வந்துச்சு. வண்டி மேலயும் குத்தம் இல்ல, இவரு வேலையிலயும் குத்தம் இல்ல. நான் வச்ச எடம் தப்பும்மா" என்று சொல்லி, இரண்டு தகடுகளையும் அவர் கையில் கொடுத்தார்.

ராக்கம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கொப்புளத்தைத் தடவினார். முகர்ந்தார். "மஞ்சள்ல எண்ணெய் விட்டா குழைச்சீங்க?" என்றார்.

"நல்லெண்ணெய்ம்மா. வீட்டுல குழைச்சது."

ராக்கம்மா என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார். "இட்லித் தட்டுல எண்ணெய் தடவுறது எதுக்கு? ஒட்டக்கூடாதுன்னுதான? இத்தனை ஆம்பளைங்க இருந்தீங்க, ஒருத்தருக்கும் இட்லித் தட்டு ஞாபகம் வரலையா?" என்றார்.

ஒச்சப்பன் சிரித்துவிட்டார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். முதலாளியும் சிரித்தார். ஆனால் ராக்கம்மாவின் கை இன்னும் வண்டியைத் தொடவில்லை. கழுத்தைப் பார்த்தார், பார்வையை எடுத்தார். புரிந்துகொள்வது வேறு, பயம் போவது வேறு என்று எனக்குத் தெரியும்.

முதலாளி உள்ளே போய் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வந்தார். வண்டிச் சாவியை வாங்கி, அதன் தலையில் மஞ்சளைத் தொட்டு வைத்துக் குங்குமமும் வைத்தார். ஒச்சப்பன் கையை நீட்டினார். முதலாளி அவரிடம் கொடுக்காமல் ராக்கம்மாவிடம் கொடுத்தார். "இனிமே மஞ்சள் கறுப்புக்கு அடியில வேண்டாம்மா. உங்க கையில இருக்கட்டும். எப்ப வைக்கணுமோ, எங்க வைக்கணுமோ, நீங்களே வைங்க" என்றார்.

ராக்கம்மா சாவியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். நான் வண்டிக் கழுத்தில் வைப்பார் என்று நினைத்தேன். அவர் ஆள்காட்டி விரலால் அந்த மஞ்சளை வழித்து, திரும்பி, ஒச்சப்பன் நெற்றியில் வைத்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவருக்குத்தான் வைக்கணும்" என்றார்.

நடுரோட்டில் நெற்றி நிறைய மஞ்சளோடு ஒச்சப்பன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். ராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். "மெல்லப் போங்க" என்று மட்டும் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அதற்கு மறுநாளிலிருந்து எங்கள் கடையில் மஞ்சள் சாவிக்குப் போனது. வீட்டம்மா கிண்ணத்தை நிறுத்தவில்லை. சாவியையும் வண்டிக்காரர் வீட்டுப் பெண் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. பேர் கெட்டுப்போகும் என்று நான் பயந்ததற்கு மாறாகக் கூட்டம்தான் கூடியது. முனிச்சாலைக் கடைகள் பார்த்துப் பழகின, பிறகு ஊரெல்லாம் பரவியது. குழுவில் இருக்கும் தம்பிமார்களே, உங்கள் சாவியில் இருக்கிற மஞ்சள் அங்கிருந்து வந்தது. படத்தில் இருக்கிற ஸ்விங் ஆர்மில் நீலம் கூடுதல். பழையதைத் துடைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

அந்த ஐப்பசி மழை விட்டதும் ஒருநாள் வாசலில் பழக்கப்பட்ட டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்டது. டேங்க் மேல் காலிச் சாக்கு சொட்டச் சொட்ட. ஒச்சப்பன் முன்னால், ராக்கம்மா பின்னால். நான் ஓடிப்போய் ஹேண்டிலைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தேன். மழையும் சாக்குத் தண்ணீரும் குடித்தும் ஒரு பொட்டுக் கொப்புளம் இல்லை. பழசு எது, நான் அடித்தது எது என்று எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.

நிமிர்ந்தால் முதலாளி உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இத்தனை சுத்தமான வேலையில் இந்த மனுஷன் இன்னும் என்ன கண்டுபிடித்தார் என்று மறுபடி கழுத்தைப் பார்த்தேன். அவர் வண்டிக்கு எதிரே போடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில், ராக்கம்மா இறங்குகிற இடத்தில் கொண்டுவந்து போட்டு, தோளில் கிடந்த துண்டால் தட்டிவிட்டார்.

"உக்காருங்கம்மா, காபி சொல்றேன்."

ராக்கம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. பின் சீட்டில் இருந்தபடி இரண்டு கையாலும் முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"நாற்காலி எதுக்கு மொதலாளி? உசிலம்பட்டியிலருந்து உக்காந்துக்கிட்டேதான வாரேன்."